லியோனார்டு காக்கேன் என்னும் தாவர சாஸ்திரி

பெரியோரின் ஜீவிய சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மன்னரையும், சேனாதிபதிகளையும், நூலாசிரியர்களையும், சமயத் தொண்டர்களையுமே தேர்ந்துகொள்வது வழக்கம். புல்லுக்கும் பூண்டுக்கும் வக்கீலாக நின்று வாதாடி, அவ்வாதத்திலேயே தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரைப்பற்றி இவ்விதழில் எழுத நாம் துணிந்தோம். அவர் பெயர் லியோனார்டு காக்கேன். நியூஸிலாந்து தேசத்தில் தாவர சாஸ்திரம் பயில்வோர் யாவரும் அவர் பெயரைச் சொல்லியே பாடந் தொடங்குவர் என்னலாம். நம் நாட்டில் அவரை அறிந்தோர் சிலரே. அவர் எடுத்துப் பேசிய வழக்கு இன்னதென்று விளங்கினாலன்றி அவருடைய பெருமை விளங்காதாகையால், முதலில் அவ்வழக்கின் வரலாற்றைச் சிறிது கூறுவோம்.

நியூஸிலாந்து என்பது தென் பசிபிக் சமுத்திரத்தில் இரண்டு பெருந்தீவுகளும், அவற்றைச் சூழ்ந்த பல சிறு தீவுகளுமாகக் கிடக்கும் தேசம். மற்ற நிலப்பரப்புகளினின்றும் அது பிரிந்து ஏறக்குறைய எட்டுக் கோடி ஆண்டுகள் ஆயின என்பர். அவ்வளவு நெடுங்காலம் தனித்துக் கிடந்தமையால், அங்குள்ள உயர்வகைத் தாவரங்களில் நூற்றுக்கு எண்பது வேறெந்த நாட்டிலும் இயற்கையாய் முளைப்பனவல்ல. வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிப் பிராணி ஒன்றும் அத்தீவுகளில் இருந்ததில்லை. ஆடில்லை, மாடில்லை, மானில்லை, முயலில்லை, எலியுமில்லை. தழைகளைத் தின்றவை பறவைகளும் பூச்சிகளுமே. ஆகவே, ஆட்டின் பல்லுக்கும் மாட்டின் குளம்புக்கும் தப்பும் உபாயத்தை அந்நாட்டுச் செடிகள் கற்றுக்கொள்ளவே இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் மாவோரி மக்கள் ஓடங்களில் வந்து குடியேறினர். அவர்கள் இட்ட தீயினால் வறண்ட பாகங்களிலிருந்த காடுகள் பல அழிந்தன. பின்னர் ஐரோப்பியர் வந்தனர். அவரோடு செம்மறியாடும், வெள்ளாடும், பன்றியும், முயலும், மானும் வந்திறங்கின. காடுகள் கோடரிக்கும் நெருப்புக்கும் இரையாயின. மேய்ச்சல் நிலத்துக்கென்று கொணர்ந்த புல் விதைகளோடு நூற்றுக்கணக்கான களைகளும் கப்பலேறி வந்தன. ஓராள் ஆயுட்காலத்துக்குள் பல மாவட்டங்கள் முகமே மாறிவிட்டன.

இம்மாற்றத்தைக் கண்ட அறிஞர் பலர், பழைய தீவுகளின் தாவரங்கள் பலங்குன்றியவை என்றும், ஐரோப்பாவின் வலிய செடிகளுக்கு முன் அவை நில்லாமல் மறைந்தொழிவதே இயற்கையின் விதி என்றும் எண்ணினர். 1859-ம் ஆண்டில் சார்லஸ் டார்வின் தமது பெரு நூலை வெளியிட்டபோது நியூஸிலாந்தையே இதற்கோர் உதாரணமாகக் காட்டியிருந்தார். இக்கொள்கை பார்வைக்குச் சாஸ்திர விஷயமாகத் தோன்றினும், அதன் பலன் சாஸ்திரத்தோடு நிற்கவில்லை. சாகப்போவது நிச்சயமான நோயாளிக்கு எவர் மருந்து கொடுப்பார்? அழியப்போகும் காட்டுக்கு எந்தச் சர்க்கார் வேலி கட்டும்? இன்று எரித்தால் என்ன, நாளைத் தானே அழிந்தால் என்ன, என்று குடியேறினோர் மனச்சாட்சிக்கு அஃது ஒரு தலையணையாயிற்று. இத்தலையணையை உருவி எறிந்தவர்களுள் முதன்மையானவர் காக்கேன்.

அவர் 1855-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ந் தேதி, இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்துக்கு அருகிலுள்ள நார்ட்டன் லீஸ் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் வர்த்தகர். சிறுவர் காக்கேன் ஷெபீல்டிலுள்ள வெஸ்லி கலாசாலையில் கல்வி பயின்றார். பின்பு மான்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கலாசாலையிற் சேர்ந்தார். ஆயினும் பட்டம் ஒன்றும் பெறாமலே வெளியேறினார். 1877-ம் ஆண்டில் கப்பலேறி ஆஸ்திரேலியா சென்று அங்கே உபாத்தியாயராயமர்ந்து, 1881-ல் நியூஸிலாந்துக்கு வந்து ஒட்டாகோ மாகாணத்துப் பள்ளிகளில் அதே தொழிலைச் செய்தார். இதுகாறும் அவர் வாழ்க்கையில் விசேஷம் ஒன்றுமில்லை. முப்பது வயது வரையில் அவர் பேர் பெற்ற மனிதரல்லர், தாவர சாஸ்திரியுமல்லர்.

பிதுரார்ஜிதமாகச் சிறிது பொருள் கிடைத்தபின் உபாத்தியாயத் தொழிலை விட்டு, கிறைஸ்ட்சர்ச் நகரத்தின் அருகே ஒரு சிறு நிலத்தை வாங்கிக்கொண்டு பயிரிடலானார். அந்நிலத்துக்கு வழங்கிய பெயர் தில்குஷா. லக்னோ நகரத்து அரண்மனையின் பெயர் பூமண்டலத்தின் அடிப்பாகத்திலுள்ள ஒரு தோட்டத்துக்கு வாய்த்திருந்தது நமக்கு வியப்பாகவே இருக்கின்றது. பிறகு 1892-ல், கடற்கரையை அடுத்த நியூ பிரைட்டன் என்னுமிடத்தில் மணற்பாங்கான சில ஏக்கர் நிலத்தைக் கைக்கொண்டு அங்கே பெரிய பரிசோதனைத் தோட்டம் ஒன்றை அமைத்தார். அதற்குத் தராத்தா என்று பெயரிட்டார். இஃது அந்நாட்டு மரம் ஒன்றுக்கு மாவோரியர் வழங்கும் பெயர். அயல்நாட்டுத் தோட்டங்களோடு விதைகளை மாற்றிக்கொண்டு, நியூஸிலாந்தின் விதைகளை அவற்றுக்கு அனுப்பி, அந்நிய விதைகளைத் தாம் பெற்று, மணலிலே முளைக்கச் செய்தார். விதை முளைப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளே அவருக்குச் சர்வகலாசாலையாயின.

நியூஸிலாந்தில் ஒரு விநோதம் உண்டு. பல மரங்களின் இளங்கன்றும் முதிர்ந்த மரமும் ஒன்றுக்கொன்று சிறிதும் ஒவ்வாத வடிவமுடையவை. ஈட்டிமரம் எனப்படும் ஒரு மரத்தின் இளமையில், நீண்டு குறுகி விறைத்த இலைகள் குடைக்கம்பிகளைப்போற் கீழ்நோக்கித் தொங்கும். அது முதிர்ந்தபின் கிளைவிட்டு, இலைகள் குட்டையாகி, வேறொரு மரமோ என ஐயுறும்படி நிற்கும். விதையை ஊன்றி, முளையைக் காத்து, ஆண்டுகள் பல பொறுத்திருந்து பார்த்தாலன்றி இவற்றின் வரலாறு தெரியாது. காக்கேன் அவ்வாறு பொறுத்திருந்து பார்த்தார். மற்றொரு சோதனை நம் மனத்துக்கு மிக உகந்தது. வறண்ட நிலங்களில் வளரும் முட்புதர் ஒன்றன் கன்றுகளை ஈரக்காற்று நிறைந்த இடத்தில் வைத்து வளர்த்தார். அங்கே அது முள் விடாமல் இலைவிட்டுத் தழைத்தது. முள் என்பது அச்செடியின் பிறவிக்குணமன்று, அது நிற்குமிடத்தின் பயன் என்று அவர் தெளிந்தார். செடியை மட்டும் பறித்துத் தாளில் ஒட்டிவைத்துப் பெயரிடுவதோடு தாவர சாஸ்திரம் முடிந்துவிடாது, அது நின்ற மண்ணையும், காற்றையும், அண்டை அயலையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்னும் நோக்கம் இவ்வாறு அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1898-ம் ஆண்டில் ஜெர்மனியின் மூனிச் நகரத்துப் பேராசிரியர் கார்ல் கோபெல் நியூஸிலாந்துக்கு வந்தார். பட்டமில்லாத இத்தோட்டக்காரரிடம் தாம் கண்ட அறிவை அவர் மறக்கவில்லை. 1903-ல் மூனிச் சர்வகலாசாலை காக்கேனுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. தம் சொந்த நாட்டார் அறியுமுன்னே அயல்நாட்டார் அறிந்து பாராட்டிய பெரியோர் வரிசையில் இவரையும் சேர்க்கலாம்.

இனி வழக்குக்கு வருவோம். தெற்குத் தீவின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் பனிமலைத் தொடரைக் கடந்துசெல்லும் கணவாய்க்கு ஆர்தர் கணவாய் என்று பெயர். அங்கே மலைச்சரிவில் அடர்ந்திருந்த புதர்க்காட்டை நெருப்பு ஒருகால் தின்றுவிட்டது. கரியாய் நின்ற அச்சரிவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சென்றோர் பலர். காக்கேன் மட்டும் எரிந்த தரையில் என்ன முளைக்கின்றது என்று பார்க்கச் சென்றார். எந்தச் செடி வேரிலிருந்து மீண்டும் தழைக்கின்றது, எது காற்றில் வந்த விதையால் முளைக்கின்றது, எது வராமலே போயிற்று என்று கணக்கெடுத்து, 1898-ல் ஒரு கட்டுரை வாசித்தார். காடு திரும்பி வருவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதும், அவ்வொழுங்கை அறிந்தால் அதற்கு நாம் உதவக்கூடும் என்பதும் அக்கட்டுரையில் அடங்கியிருந்தன. அவரும் பிறரும் விடாது முயன்றதன் பயனாக அப்பிரதேசம் 1929-ல் தேசிய வனமாயிற்று.

அதன்பின் அவர் தீவு தீவாகச் சென்றார். 1901-ல் நியூஸிலாந்துக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சாதம் தீவுகளை அடைந்தார். நம் மொழியில் அப்பெயர் சோற்றை நினைப்பூட்டும். அஃது ஒரு பிரபுவின் பட்டப்பெயர் மட்டுமே. அத்தீவுகளின் கடற்கரையில் மாத்திரம் வளரும் ஒரு செடி உண்டு. பளபளத்த அகன்ற இலைகளும், நீலப் பூங்கொத்தும் உடையது. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாய் இல்லாதது. முன்னே கரையோரம் முழுவதும் பரந்திருந்த அச்செடி, அவர் சென்றகாலத்தில் ஆடும் பன்றியும் எட்டாத இடங்களை நாடி ஒதுங்கியிருந்தது. அதனை எந்த அந்நியச் செடியும் வென்று விரட்டவில்லை, தின்றன, தீர்ந்தது. இவ்வேற்றுமையை அவர் நன்கு குறித்துக்கொண்டார்.

1903-ல் நடுக் குளிர்காலத்தில், ஹினெமோவா என்னும் சர்க்கார் கப்பலேறித் தென் கோடித் தீவுகளுக்குப் போனார். புயலும் பனியும் ஓயாத அத்தீவுகளின் அருகே கப்பல்கள் உடைவது அக்காலத்தில் வழக்கம். உடைந்த கப்பலினின்று கரையேறினோர் பசியால் மாளாதபடி அங்கே உணவுச் சாலைகள் வைத்திருந்தனர். அவற்றைப் பார்வையிடுவதே அக்கப்பலின் வேலை. அதே இரக்கத்தினால் ஆடுகளையும் பன்றிகளையும் அத்தீவுகளில் விட்டிருந்தனர். மனிதரைக் காக்க விட்ட பிராணிகள் தீவுகளை அழித்தன. நல்ல நோக்கத்தோடு செய்த காரியத்தின் கேட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு உண்டோ என்று நாம் அறியோம். ஆக்லாந்து தீவுகளிலும், காம்பெல் தீவிலும், ஊதாப் பூக்களையும் யானைக்காதுபோன்ற இலைகளையும் உடைய பெருஞ்செடிகள் உண்டு. மரமே வளரக் கூசும் குளிர்க்காற்றில் இச்செடிகள் மட்டும் இத்துணைப் பெரிய இலை விரிப்பது இயற்கையின் புதுமைகளில் ஒன்று. காம்பெல் தீவில் 1895 முதல் செம்மறியாட்டுப் பண்ணை நடந்துவந்தது. ஆடு ஏறக்கூடிய இடங்களிலெல்லாம் அச்செடிகள் குறைந்துகொண்டே போயின. 1907-ல் கான்டர்பரி மாகாணத்து ஞானசபையார் அத்தீவுகளுக்கு ஒரு கூட்டத்தை அனுப்பியபோது காக்கேனும் மறுபடி உடன் சென்றார்.

அதே 1907-ல் சர்க்கார் அவரிடம் காபிட்டித் தீவை ஆராய்ந்து அறிக்கை தரும்படி கேட்டனர். வெல்லிங்டன் நகரத்துக்கு வடக்கே, கரையினின்று சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இத்தீவின் பெரும்பகுதி 1897-ல் பறவைகளுக்கும் தாவரங்களுக்கும் புகலிடமாக ஒதுக்கப்பட்டிருந்தது. காகிதத்தில் ஒதுக்கியிருந்தனரே யன்றி, ஆடுகளுக்கு அச்சட்டம் தெரியாது. இளங்கன்றுகளை ஆடு தின்றுவிட்டால், முதுமரங்கள் விழும்போது அவ்விடத்தை நிரப்ப ஒன்றும் இராது. வெளிக்குப் பசுமையாகத் தோன்றும் காடு உள்ளே மலடாகிக்கொண்டிருக்கும். இதனைக் காக்கேன் தெளிவுற எடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டுகளில் வைப்போவாக் காட்டின் பெருங் கௌரி மரங்களையும், தோங்காரிரோ எரிமலைப் பிரதேசத்தையும், ஸ்டூவர்ட் தீவையும் ஆராய்ந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிக்கை எழுதினார். சர்க்கார் அறிக்கைகள் அலமாரியில் உறங்குவது எந்நாட்டிலும் உள்ளதே. இவருடைய அறிக்கைகளை ஜனங்கள் படித்தனர்.

அவர் எழுதியவற்றுள் மணற்குன்றுகளைப்பற்றிய இரண்டு அறிக்கைகளைத் தனியே கூறவேண்டும். அவை 1909-லும் 1911-லும் வெளிவந்தன. திருநெல்வேலிச் சீமையின் தேரிகளைப் பார்த்தவர்களுக்கு, காற்றில் நகரும் மணல் வயலையும் வீட்டையும் எவ்வாறு மூடும் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. நியூஸிலாந்தின் மேற்குக் கரையிலும், ஆடுமாடுகள் மிதித்தும் தீயிட்டும் மணலின் போர்வை கிழிந்தபின், மணல் உள்நாட்டை நோக்கி நடக்கத் தொடங்கிற்று. அம்மணலைக் கட்டிப் பிடிக்கச் சுதேசத் தாவரங்களிலே பிங்காவோ என்னும் பொன்னிறக் கோரையும், ஒரு வகை இராவணன்மீசைப் புல்லும் இருந்தன. மாவோரிப் பெண்கள் பிங்காவோவின் இலையைக் கொண்டு அழகிய பின்னல் வேலை செய்வர். ஆனால் காக்கேன் மணலை விரைவில் நிறுத்துவதற்குச் சிபார்சு செய்தது இவற்றையன்று. ஐரோப்பாவினின்று வந்த மாரம் புல்லை நடவேண்டும், அதன்பின் அமெரிக்காவின் மஞ்சள் லூப்பின் புதரை விதைக்கவேண்டும், பிறகு மரம் வைக்கவேண்டும் என்றார்.

சுதேசத் தாவரங்களின் வக்கீல் இவ்வாறு சொன்னது அவரைப் போற்றுவோர்க்கு இன்றும் சங்கடமானதே. குடியானவரின் நிலங்கள் மணலில் மூழ்கிக்கொண்டிருந்தன என்பதும், மாரம் புல் விரைவில் வேரோடி மணலைக் கட்டும் என்பதும் உண்மை. அவர் கேட்ட கேள்விக்கு அது சரியான விடையே. பின்னாளில் மாரம் புல் கரையோரமெங்கும் பரந்து, பிங்காவோவை மூடி, குன்றுகளின் உருவத்தையே மாற்றிவிட்டது. செடிகளை இவ்வளவு ஊன்றிப் பார்த்த கண்ணுக்கும் இந்த ஒன்று தெரியாமற்போயிற்று. நாம் அவரைக் குறைகூற வரவில்லை. ஆயினும் இதனை மறைத்து எழுதினால் அது சரித்திரமாகாது, புகழ்ச்சிப் பத்திரமேயாகும்.

இத்தனை யாத்திரைகளின் முடிவில் அவர் கண்ட தீர்ப்பு யாது? தீவின் தாவரங்கள் பலவீனமானவை என்பது பொய். மனிதனும், அவன் நெருப்பும், அவன் விலங்குகளும் தொடாத இடத்தில் அந்நியச் செடிகள் எளிதில் உட்புகுவதில்லை. பாதையோரத்திலும், எரிந்த சரிவிலும், மேய்ந்த தரையிலும், உழுத நிலத்திலும் மட்டுமே அவை வெற்றிக்கொடி நாட்டுகின்றன. அவ்விடங்களோ சுதேசத் தாவரங்களின் பழைய வீடுகள் அல்ல, மனிதன் புதிதாய்ச் செய்த இடங்கள். அவ்விடங்களிலும் மானுக்கா என்னும் சுதேசப் புதரும், பெரணியும் குடியானவன் எத்தனை முறை வெட்டி எரித்தாலும் மீண்டும் மீண்டும் தலைதூக்கி அவனுடைய அந்நியப் புல்லை விரட்டுகின்றன. பலவீனமான குடிகள் செய்யும் காரியமா இது? விலங்கை விலக்கி, நெருப்பைத் தடுத்தால், தீவு தன்னைத் தானே உடுத்திக்கொள்ளும் என்பது அவர் துணிபு. மத்திய ஒட்டாகோவில் முயல்களால் மொட்டையான மலைப்புல் நிலங்களிலும் அவர் சோதனைப் பாத்திகள் அமைத்து, புல் மீளும் வழிகளை ஆராய்ந்தார்.

இக்கொள்கைக்கும் ஓர் எல்லை உண்டு. உதகமண்டலத்துக்குப் போயிருப்போர் அங்கே மஞ்சட்பூப் பூக்கும் முட்புதர் ஒன்றைக் கண்டிருப்பர். ஐரோப்பாவின் கோர்ஸ் என்னும் அப்புதரே நியூஸிலாந்தின் குன்றுகளையும் மூடியது. பாங்க்ஸ் தீபகற்பத்திலுள்ள ஹினெவாய் என்னுமிடத்தில் 1987 முதல் அப்புதரை வெட்டாமலும் எரிக்காமலும் விட்டுவைத்ததில், அதன் நிழலிலேயே சுதேச மரக்கன்றுகள் முளைத்து, மேலெழுந்து, முடிவில் அதனை நிழலால் கொன்றன. காக்கேனின் எண்ணத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுவதில்லை. ஆனால் மரம் வளராத உயர்ந்த புல்வெளியில் நிழல் செய்வதற்கு யார் இருக்கிறார்கள்? தோங்காரிரோவில் நடந்தது இதுவே. அவ்வெரிமலைச் சிகரங்களை 1887-ல் மாவோரித் தலைவர் தெ ஹெயுஹெயு நாட்டுக்குத் தானமாக அளித்திருந்தார். போலீஸ் கமிஷனராயிருந்த ஜான் கல்லன் என்பவர், ஸ்காட்லாந்தைப் போல அங்கே குரௌஸ் என்னும் காட்டுக்கோழியை வேட்டையாடலாம் என்று ஆசைகொண்டு, 1912-ம் ஆண்டளவில் தொடங்கி ஹெதர் என்னும் அந்நியச் செடியின் விதையைத் தூவினார். அதனைக் கண்டித்துக் குரலெழுப்பியோருள் காக்கேன் முன்னின்றார். விதைப்பு நின்றது, விதைத்தது நிற்கவில்லை. காட்டுக்கோழிகள் அங்கே நிலைக்கவில்லை. ஹெதரோ அச்சரிவுகளில் இன்றும் ஊதாக் கம்பளம்போல் விரிந்து கிடக்கின்றது.

அவருடைய தலைசிறந்த நூல் நியூஸிலாந்தின் தாவரப் போர்வையைப் பற்றியது. உலகத் தாவரங்களைக் குறித்து எங்கிளர், துரூட என்னும் ஜெர்மானிய அறிஞர் நடத்திய வரிசையில் அது சேர்ந்தது. 1914-ல் மூண்ட மகா யுத்தத்தால் அச்சு தடைப்பட்டு, 1921-ல் தான் வெளிவந்தது. 1928-ல் அதனைத் திருத்திப் புதுக்கினார். மாணவருக்கும் பொதுஜனங்களுக்கும் 1910-லேயே வேறொரு எளிய நூல் எழுதியிருந்தார். 1912-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. 1928-ல் டார்வின் பதக்கம் வழங்கிற்று. டார்வின் கூற்றொன்றை மறுத்தெழுதியவருக்கு டார்வின் பெயராலேயே பதக்கம் கிடைத்தது. டார்வின் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே நாம் நம்புகிறோம். அவர் குமாரர் ஆல்பிரட் ஹைட் காக்கேனும் தந்தை வழியிலேயே சென்று, அந்நாட்டு விவசாய இலாகாவின் தலைமைப் பதவியை அடைந்தார்.

எழுபது வயது கடந்தபின் அவர் தொடங்கிய காரியமே, நம் கருத்தில், அவர் செய்தவற்றுள் மிக அழகியது. வெல்லிங்டன் நகரத்தின் ஓரத்தில் வில்டன் காடு என்று ஓரிடம் உண்டு. அக்கம்பக்கத்திலெல்லாம் மரங்கள் வெட்டுண்ட காலத்தில் ஜாப் வில்டன் என்னும் குடியானவர் தம் பண்ணையில் ஒரு துண்டுக் காட்டை வெட்டாமல் வேலியிட்டுக் காத்துவந்தார். அப்பள்ளத்தாக்குக்கு மாவோரியர் இட்ட பெயர் ஒட்டாரி. பறவைகளுக்குக் கண்ணி வைக்குமிடம் என்று பொருள் கூறுவர். அங்கே நியூஸிலாந்தின் சுதேசத் தாவரங்களுக்கு மாத்திரமான ஒரு திறந்தவெளிக் காட்சிசாலை அமைக்கவேண்டுமென்று காக்கேன் நகரசபையாரைத் தூண்டினார். நகரத்துத் தோட்டங்களின் தலைவரான மெக்கென்ஸி என்பவர் துணைநின்றார். 1926-ல் அது திறக்கப்பட்டது.

அந்நாளில் நியூஸிலாந்தின் நகரவாசிகள் ரோஜாவும், ஓக்கு மரமுமே தோட்டத்துக்கு அலங்காரமென்று நினைத்தவர்கள். தாய்நாடு என்று அவர்கள் சொன்னது இங்கிலாந்தை. தம் காலடியில் முளைத்தது அவர்களுக்குப் புதர். அவர்களுக்கு அவர்கள் நாட்டையே அறிமுகப்படுத்துவது காக்கேனின் நோக்கமாயிருந்தது. 1932-ல் அவர் வெளியிட்ட திட்டத்தைப் படித்தால் அவர் மனப்போக்கு விளங்கும். குறைபட்ட பழங்காட்டை அதன் முந்திய நிலைக்கு மீட்பது ஒன்று. இனம் இனமாகச் செடிகளைத் தொகுத்து வைப்பது மற்றொன்று. இவ்விரண்டோடு அவர் நிறுத்தவில்லை. மலையுச்சியில், பாறைச்சரிவில், மணற்கரையில் எவ்வெச் செடிகள் ஒன்றுகூடி வாழ்கின்றனவோ, அவ்வவற்றைக் குடும்பத்தோடு பெயர்த்துக் கொணர்ந்து அதேபோலக் கூட்டி நடவேண்டும் என்றார். தனிச்செடியைக் காட்டுவது அகராதியைக் காட்டுவதுபோலாம். கூட்டத்தைக் காட்டுவதே மொழியைப் பேசிக் காட்டுவது என்று நாம் இதனை விளக்கிக்கொள்ளலாம். கடைசியாக, சுதேசச் செடிகளைக் கொண்டு வீட்டுத் தோட்டமும் வேலியும் பூம்பாத்தியும் எவ்வாறு அமைக்கலாம் என்று ஜனங்களுக்கு நட்டே காட்டவேண்டும் என்றார். காண வந்தவன் ஒரு கன்றைத் தன் வீட்டிலும் நட விரும்பித் திரும்புவானாயின் காக்கேனுக்கு அதுவே போதும்.

இவ்வேலையில் கஷ்டங்கள் பல இருந்தன. மலையுச்சிச் செடிகளுக்கு நகரத்தின் வெப்பம் ஒவ்வாது. வடக்கத்தியச் செடிகளுக்கு வெல்லிங்டனின் ஓயாத காற்று ஒவ்வாது. சரளைக்கல் பரப்பியும், காற்றுக்கு மறைப்பு நட்டும், இறந்ததை மறுபடி நட்டும் பழகினார்கள். மேலும், வெவ்வேறு இடத்துச் செடிகளை அருகருகே வைத்தால் அவை ஒன்றோடொன்று கலந்து கலப்பினம் பிறக்கும். நியூஸிலாந்தின் காடுகளில் இக்கலப்பு எவ்வளவு மிகுதி என்பதை உலகுக்கு அறிவித்தவர்களுள் அவரே முக்கியமானவர். ஆலன் என்னும் இளைய அறிஞரோடு சேர்ந்து அக்கலப்பினங்களின் பட்டியலை 1934-ல் வெளியிட்டார்.

அவ்வாண்டு ஜூலை மாதம் 8-ந் தேதி வெல்லிங்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 79. அவர் உடலை ஒட்டாரியிலேயே, அவர் நட்ட செடிகளின் நடுவே அடக்கம் செய்தனர்.

அவர் சொல்லிவைத்த வைத்தியம் பலித்ததா என்று கேட்போருக்குச் சில செய்திகளைக் கூறுவோம். காபிட்டித் தீவில் ஆடுகள் 1928-க்குள் ஒழிக்கப்பட்டன. பாஸம் என்னும் மரமேறும் பிராணிகள் 1986-க்குள் பிடித்து நீக்கப்பட்டன. 1996-ல் எலிகளும் ஒழிந்தன. அடிநிலம் வெறுமையாயிருந்த அத்தீவில் இன்று கன்றுகள் நெருங்கி முளைத்து, பழந்தின்னும் பறவைகள் பெருகியிருக்கின்றன. வடகோடியிலுள்ள மூன்று அரசர் தீவுகளில் 1945-ல் ஆராய்ந்தபோது, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மரம் ஒன்றே ஒன்றும், ஒரு கொடி ஒன்றே ஒன்றும் ஆடுகளுக்குத் தப்பி நின்றன. 1946-ல் ஆடுகளை ஒழித்தார்கள். அம்மரத்தினின்றும் கொடியினின்றும் எடுத்த போத்துகள் பெருகி, அவற்றின் சந்ததி இன்று தோட்டங்களில் வளர்கின்றது. காம்பெல் தீவில் ஆட்டுப்பண்ணை 1931-ல் கைவிடப்பட்டது. எஞ்சிய ஆடுகள் 1990-களின் தொடக்கத்திலும், எலிகள் 2001-லும் முற்றும் நீங்கின. காக்கேன் தேடிச்சென்று பார்த்த ஊதாப் பூச்செடிகள் அங்கே மறுபடி சரிவுகளை நிறைத்து நிற்கின்றன.

மணற்கரைகளிலும் வேலை நடக்கின்றது. அங்கே மாரம் புல்லை அகற்றிவிட்டு, நாற்றங்காலில் வளர்த்த பிங்காவோக் கன்றுகளை ஊர்மக்களும் பள்ளிச் சிறுவரும் வரிசையாய் நட்டுவருகின்றனர். மாரம் புல் பரவுமுன் எந்தக் கரையில் எச்செடி எங்கே நின்றது என்று அறிவதற்கு, மாரம் புல்லை நடச்சொன்ன 1911-ம் ஆண்டு அறிக்கையையே அவ்வேலையில் ஈடுபட்டோர் இன்றும் புரட்டிப் பார்க்கின்றனர்.